ஆம்பளைக்கு வந்த வலியை மறைக்கலாமா?

அவனுக்கு வயது 18. தென் மாவட்டத்தில் இருந்து பிழைப்பு தேடி சென்னைக்கு வந்தவன். மளிகைக் கடையில் வேலை. ராத்திரி படுக்கை கடை மாடியில்.

ஒரு நாள் விடியற்காலை 4 மணி. தூக்கத்தில் இருந்து துடித்து எழுந்தான். விதைப்பையில் ஒரு பக்கம் தாங்க முடியாத வலி. இரண்டு தடவை வாந்தி.

பக்கத்தில் படுத்திருந்த பையன்கள், "என்னடா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"வயிறு வலிக்குதுடா" என்றான்.

கடை அண்ணாச்சி நல்ல மனிதர். சோடா வாங்கிக் கொடுத்தார். ஓமத் தண்ணீர் கொடுத்தார். "சூடு புடிச்சிருக்கும்டே. ரெண்டு எளநி குடி, சரியாப் போயிரும்" என்றார். கால் பெருவிரலில் சுண்ணாம்பும் தடவச் சொன்னார்.

அன்று முழுவதும் பையன் அரிசி மூட்டைமேல் சுருண்டு கிடந்தான். மறுநாள் காலையில் நடக்க முடியவில்லை. அப்போதுதான் அழுதுகொண்டே வலிக்கிற இடத்தைக் காட்டினான். அண்ணாச்சி பதறிப்போய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"நேத்து விடியக்காலை சார்."

ஆபரேஷன் நடந்தது. ஒரு விதையை எடுத்துவிட்டார்கள். ரத்த ஓட்டம் நின்று அது செத்துப் போயிருந்தது.

விபத்துச் செய்தி சேகரிக்கப் போன எனக்கு, ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சி சொன்ன கதை இது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாம்னா அப்பவே தூக்கிட்டு ஓடியிருப்பேனே தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பையனிடம் கேட்டேன். "வெக்கமா இருந்துச்சுண்ணே" என்றான்.

கத்திக்குத்தில் கை போனவனைப் பார்த்திருக்கிறேன். லாரி மோதி கால் போனவனைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தால் உறுப்பு போனவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

6 மணி நேரம்தான்!

விதை ஒரு நரம்புக் கயிற்றில் தொங்குகிறது. அதற்கு ரத்தம் போகிற குழாயும் அந்தக் கயிற்றுக்குள்தான் இருக்கிறது. சில பேருக்கு அந்தக் கயிறு திடீரென்று முறுக்கிக்கொள்ளும். தோட்டத்து ரப்பர் குழாயை முறுக்கினால் தண்ணீர் நின்று போகிறதல்லவா, அதே கதைதான். ரத்தம் நின்று போகும்.

12 வயதில் இருந்து 18 வயதுக்குள் இது அதிகம். மற்ற வயதிலும் வரும். விளையாடும்போது வரும். அடிபட்டும் வரும். சும்மா தூங்குகிறவனுக்கும் வரும்.

சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைத்துக்கொள்ளும். நேரம் ஆக ஆக வாய்ப்பு குறையும். ஒரு நாள் கடந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. 6 மணி நேரம் என்பது சென்னையில் பஸ் ஏறி திருச்சியில் இறங்குகிற நேரம். அவ்வளவுதான் அவகாசம்!

அதற்காக 6 மணி தாண்டிவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது. எப்போது தெரிந்தாலும் ஓட வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சில பையன்களுக்கு அடிவயிற்றில்தான் முதலில் வலிக்கும். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால், "கீழே வலிக்குதாப்பா?" என்று அப்பாவோ அண்ணனோ தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்.

மளிகைக் கடைப் பையன் விஷயத்தில் ஒரு ஆறுதல். மிச்சம் இருக்கிற விதை முறுக்காமல் இருக்க தையல் போட்டுவிட்டார்கள். ஒன்று நன்றாக இருந்தாலே கல்யாணம், குழந்தை குட்டி எதற்கும் பெரும்பாலும் குறை இல்லை.

எல்லாம் சூடா?

நம் ஊரில் ஆம்பளைக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் ஒரே பெயர்தான். சூடு!

எரிச்சலா, சூடு. சொட்டுச் சொட்டாகப் போகிறதா, சூடு. சிவப்பாகப் போகிறதா, அதுவும் சூடு. மோர் குடி, வெந்தயம் முழுங்கு, எண்ணெய் தேய்த்துக் குளி.

மோர் குடிப்பதில் தப்பில்லை. மோரோடு விஷயத்தை முடித்துவிடுவதுதான் தப்பு.

எரிச்சலுக்குக் காரணம் கிருமியாக இருக்கலாம். பால்வினை நோயாக இருக்கலாம். தெரியாமல் இருக்கிற சர்க்கரை வியாதி கிருமிக்கு இடம் கொடுத்திருக்கலாம். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அதை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில், "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா" என்று வாங்கி விழுங்கினால், கிருமி அரைகுறையாக அடங்கி மறுபடி கிளம்பும்.

விலாவில் ஆரம்பித்து தொடை இடுக்கு வரை இறங்கி, உட்கார விடாமல், நிற்க விடாமல் புரட்டி எடுக்கிற வலி என்றால் பெரும்பாலும் சிறுநீரகக் கல். 5 மில்லி மீட்டருக்கும் சிறிய கல் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். எந்த அளவு என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது.

"பீர் அடி, கல்லு கரைஞ்சிரும்" என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. பீர் கல்லைக் கரைக்காது. கரைவது பாக்கெட்டில் இருக்கிற காசுதான்!

கல் வராமல் இருக்க தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடைக்காரரும், நெரிசல் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தொங்குகிற குமாஸ்தாவும் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போவதற்கு இடம் வேண்டுமே! பஸ் நிலையத்தில், கடைத்தெருவில் சுத்தமான கழிப்பிடம் கட்டி, தினமும் கழுவி வைப்பதும் வைத்தியம்தான். மாநகராட்சி அதிகாரிகள் இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

ரகசிய வைத்தியர்கள்

நோயாளி வெட்கப்படுகிறான் என்றால் அங்கே ஒரு மோசடிக்காரன் கடை விரித்துவிடுவான். பஸ் நிலையச் சுவரில் நோட்டீஸைப் பாருங்கள். லாட்ஜ் அறை நம்பர், வருகிற தேதி, "ரகசியம் காக்கப்படும்".

அந்த ரகசியம்தான் அவர்கள் முதல். சைக்கிள் திருடு போனால்கூட ஜனங்கள் ஸ்டேஷனுக்குப் போய் புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். லாட்ஜ் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்கி ஏமாந்தவன் மட்டும் புகார் கொடுப்பதில்லை. என்ன என்று எழுதிக் கொடுப்பான்?

1954-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. சிறுநீரகக் கல், புராஸ்டேட் கோளாறு, விரைவீக்கம், ஆண்மைக் குறைவு இவற்றைத் தீர்க்கிற மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை ஜெயில். போலீசார் சுவர் நோட்டீஸைப் படித்தாலே போதும், விலாசம் அதிலேயே இருக்கிறது!

முறையாகப் படித்து, பதிவு செய்துகொண்ட சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் நோட்டீஸ் ஒட்டி லாட்ஜில் ரூம் போடுவதில்லை.

எப்போது ஓட வேண்டும்?

வேலை, கல்லா, லீவு எதையும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரங்கள் இவை:

விதையில் திடீர் வலி. வந்து தானாக நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும். முறுக்கி, பிரிந்து, மறுபடி முறுக்கும்.

கல் வலியோடு குளிர் காய்ச்சல்.

முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூடப் போகாமல் அடைத்துக்கொள்வது. வயதானவர்களுக்கு இது அதிகம். ஒரு குழாய் போட்டால் சில நிமிடத்தில் நிம்மதி. காலை வரை துடிக்க வேண்டியதில்லை.

குடலிறக்கம் உள்ளவருக்கு, வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக இறுகி வலிப்பது.

சர்க்கரை உள்ளவருக்கு விதைப்பை சிவந்து, கருத்து, காய்ச்சலோடு வலிப்பது. இது உயிருக்கே ஆபத்து.

விறைப்பு 4 மணி நேரம் ஆகியும் அடங்காமல் வலிப்பது. சிரிக்கிற விஷயம் இல்லை இது.

வலியே இல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு. சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் போனாலும் அந்த வாரத்திலேயே காட்டுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். விதையில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான். புற்றுநோயாக இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் குணப்படுத்தலாம்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சென்ட்ரல் எதிரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அவசர சிகிச்சை ராத்திரி பகல் எந்நேரமும் உண்டு. 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசம்.

டாக்டருக்கு இது தினமும் பார்க்கிற உடம்பு. அவர் சிரிக்கப் போவதில்லை. "எந்த இடம், எத்தனை மணியிலிருந்து" என்ற இரண்டைத்தான் கேட்பார். நிஜத்தைச் சொன்னால் போதும்.

அண்ணாச்சி இப்போது கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஊரில் இருந்து புதுப் பையன் வந்தால் சம்பளம், சாப்பாடு, லீவு எல்லாம் பேசிவிட்டு, கடைசியாக ஒன்று சொல்கிறார்: "எங்க வலிச்சாலும் எங்கிட்ட சொல்லிரணும்டே. எந்த எடமானாலும் சரி."

பையன்களை வேலைக்கு வைத்திருக்கிற ஒவ்வொரு முதலாளியும் இதைச் சொல்லட்டும். வீட்டில் மகன் வைத்திருக்கிற அப்பாக்களும் இன்று ராத்திரியே சொல்லுங்கள்.