கைக்கு எட்டிய கடலை, வாய்க்கு எட்டாத சொல்

ஒரு தட்டில் ஐந்து நிறம் ஏற்றிய அரிசி. அதன்மேல் பிளாஸ்டிக் யானை, ஒட்டகச்சிவிங்கி, இரண்டு மரக்கரண்டி. ஒன்றரை வயதுக் குழந்தை அரிசிக்குள் கையை நுழைக்கிறது. கைப்பேசிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தாய், வீட்டில் பேசும் மொழியை விட்டுவிட்டு, 'சாஃப்ட்', 'ரஃப்', 'க்ரஞ்சி' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். 'வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய புலன் விளையாட்டு' என்ற அறிவிப்போடு காணொளி முடிகிறது. அதற்கடியில், தட்டையும் சாயத்தையும் பொம்மைகளையும் ஒரே பெட்டியாக வாங்குவதற்கான இணைப்பு. தில்லி, பெங்களூரு, புணே, கொல்கத்தா என எந்த நகரத்து நடுத்தர வர்க்கப் பெற்றோரின் திரையிலும் இக்காட்சியை இன்று காணலாம்.

குழந்தையோடு அரைமணி நேரம் தரையில் அமரும் பெற்றோரைக் கேலி செய்வது கல்விப்புலத்தினரின் வேலையன்று. அந்தப் பெற்றோருக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கும் இரண்டு பொய்களை மறுப்பது அவர்களின் வேலை. இந்திய வீட்டில் குழந்தையின் புலன்களுக்கு வேலை தரும் பொருள் போதாது, வாங்கித்தான் வைக்க வேண்டும் என்பது முதற்பொய். அப்பொருளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் சொல்லையும் ஆங்கிலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதால் பணம் போகிறது. இரண்டாவதால் போவது என்னவென்று மொழியியல் துறைகளாவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

'சென்சரி' என்ற அடைமொழி சந்தைக்கு வந்த வழியே விசித்திரமானது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஏ. ஜீன் ஏர்ஸ், புலன்களின் ஒருங்கிணைவு பற்றிய தம் கோட்பாட்டை 1972இல் நூலாக வெளியிட்டபோது, கற்றல் இடர்ப்பாடு கொண்ட குழந்தைகளே அவர் கருத்தில் இருந்தனர். அக்கோட்பாட்டின் வழிவந்த சிகிச்சைகளுக்கான சான்றுகள் குறைவாகவே உள்ளன என்று பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பொறுமையாக உழைக்கும் தெரபிஸ்டுகளின் அனுபவம் வேறு, அதைப் பற்றி இங்கு வழக்கில்லை. சிகிச்சை அறையின் சொல், எவ்விதக் குறையுமற்ற குழந்தையின் வீட்டுக்குள் நுழைந்து, 'இங்கே ஏதோ போதவில்லை' என்ற அச்சத்தைத் தாயின் மனத்தில் விதைத்ததே வழக்கு. அச்சம் இருக்கும் இடத்தில் பெட்டி விற்பது எளிது.

இந்தியாவுக்கு இது முதல் பெட்டியும் அன்று. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், உழைக்கும் மக்களின் குழந்தைகளுக்கென மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில் புலன்பயிற்சிக் கருவிகள் முதன்மை பெற்றன. சொரசொரப்பும் வழவழப்பும் மாறிமாறி வரும் பலகைகள், துணி வகைகள், ஓசைப்பெட்டிகள் என அவை நுட்பமானவை. ஆனால் ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை இந்தியாவுக்கு வந்தபோது விலையுயர்ந்த கருவிகளோடு வந்தது. பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றிய தாராபாய் மோடக் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டார். 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில், அனுதாய் வாக்கோடு சேர்ந்து கிராமப்புறக் குழந்தைக் கல்வியைத் தொடங்கியபோது, கருவிகளின் இடத்தில் கூழாங்கல்லும் விதையும் இலையும் வந்து அமர்ந்தன. குழந்தைகள் பள்ளிக்கு வராத இடத்தில், தலித் குடியிருப்புகளின் முற்றத்துக்கே வகுப்பு சென்றது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கு வழங்கும் 'அங்கன்வாடி' என்ற பெயருக்குள் அந்த முற்றம் இன்னும் இருக்கிறது. இவ்வளவு நடந்து முடிந்த நாட்டில் சாயமேற்றிய அரிசியைப் புதுக் கண்டுபிடிப்பாக விற்க முடிகிறது என்றால், கல்வியியல் துறைகள் தம் வரலாற்றை யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன?

வீட்டில் கிடைப்பது எது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இரவில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை நீரில் போடும்போது குழந்தை அருகில் இருக்கிறது. உலர்ந்த கடலை பாத்திரத்தில் கலகலவென்று விழுகிறது. கையில் எடுத்தால் கல்போல் இருக்கிறது. காலையில் அதே கடலை பருத்துச் சுருக்கம் நீங்கியிருக்கிறது. தோல் வழுக்குகிறது, நகத்தால் அழுத்தினால் கழன்று வருகிறது, உள்ளே பருப்பு இரண்டாகப் பிளக்கிறது. நீர் மஞ்சளித்து நுரைத்திருக்கிறது, அதில் ஒரு பச்சை வாடை. வெந்தபின் விரலிடையில் மெத்தென்று நசுங்கி மாவாகிறது. ஒரே பொருள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பொருளாகிறது, மூன்றையும் ஒரே கை அறிகிறது. நேற்று கல்லாக இருந்ததை இன்று நசுக்கும் குழந்தைக்கு 'முன்பு', 'பிறகு' என்பவை விரல்வழியே விளங்குகின்றன. வண்ண அரிசித் தட்டு நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கும். மேலும், கடலை இறுதியில் தட்டுக்கு உணவாக வருகிறது. விளையாடிய அரிசி குப்பைக்குப் போகிறது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் நாட்டில் இதைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வட இந்தியக் குளிர்காலத்தில் மொட்டைமாடி வெயிலில் அமர்ந்து பட்டாணி உரிப்பதும் அப்படியே. நெற்றின் தையலைத் தேடிக் கண்டுபிடிக்கும் சுட்டுவிரலுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சியை எந்தப் பெட்டியும் தருவதில்லை. ரொட்டிக்குப் பிசைந்த மாவிலிருந்து எலுமிச்சை அளவு கிள்ளிப் பிள்ளையின் கையில் கொடுப்பது எத்தனையோ வீடுகளின் அன்றாடம். எச்சரிக்கை ஒன்று அவசியம்: உலர்ந்த கடலையும் பட்டாணியும் சிறு குழந்தையின் மூக்கிலோ மூச்சுக்குழலிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியே விடக்கூடாது. பெரியவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

அப்படி இருக்கும் பெரியவர் வாய்திறந்து என்ன சொல்கிறார் என்பதே இவ்விவாதத்தின் மையம். ஊறிய கடலையைத் தமிழ்த் தாய் 'வழவழ' என்பார். மசித்ததைக் 'கொழகொழ' என்பார். கையில் ஒட்டும் மாவு 'பிசுபிசு'. பல்லில் படும் மணல் 'நறநற'. இந்திக்காரர் வீட்டில் ஒட்டுவது 'சிப்சிபா', உதிர்வது 'புர்புரா', கடித்தால் நொறுங்குவது 'குர்குரா'. வங்காளத்தில் சொரசொரப்பு 'கஸ்கஸே', மொறுமொறுப்பு 'முச்முசே'. மராத்தியில் வழவழப்பு 'குள்குளீத்'. மொழிக்குடும்பங்கள் வேறு, அமைப்பு ஒன்று. இந்தியாவை ஒரே மொழியியல் பரப்பாகக் காண வேண்டும் என்று 1956இல் எழுதிய எமனோ, 1969இல் இவ்வகை ஒலிக்குறிப்புச் சொற்களையே அப்பரப்பின் பொதுப்பண்புகளில் ஒன்றாக எடுத்துக்காட்டினார். முண்டாரி மொழியின் இத்தகைய சொற்களுக்கு மட்டும் தனி அகராதியே 2019இல் பாடேனோக், ஒசாடா ஆகியோர் முயற்சியால் வந்திருக்கிறது. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் இலக்கணம் வகுத்து நெடுங்காலமாயிற்று.

இச்சொற்களை இலக்கண நூல்கள் ஓரத்தில் வைத்தாலும், குழந்தைக்கு அவை நடுவில் இருக்கின்றன. 'கொழகொழ' என்று சொல்லும் தாயின் முகம் சுளிக்கிறது, உதடு குவிகிறது, விரல்கள் தாமாகத் தேய்கின்றன. தொடுகையும் ஒலியும் முகபாவமும் ஒரே கணத்தில் வந்துசேர்கின்றன. பொருளுக்கும் ஒலிக்கும் இடையே இயைபு உணரப்படும் சொற்கள், புதிய வினைச்சொற்களைக் கற்பதில் மூன்று வயது ஜப்பானியக் குழந்தைகளுக்கு உதவின என்று முட்சுமி இமாய், சொடாரோ கிடா முதலியோர் 2008இல் காட்டினர். அந்த ஆய்வு நடைவகைகள் பற்றியது. தொடுகைக்கும் அப்படியே பொருந்தும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் இவ்வகைச் சொற்கள் மலிந்த மொழிகளுள் ஒன்றில் அது நிகழ்ந்தது. அதே செல்வம் உள்ள இந்திய மொழிகளின் ஆய்வாளர்களுக்கு அது ஓர் அழைப்பு. அழைப்பை ஏற்றவர் சிலரே.

ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் இல்லையா என்று கேட்கப்படும். உண்டு. 'ஸ்க்விஷி', 'கூயி', 'க்ரம்ப்ளி' என்பவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெண்ணின் வாயில் தாராளமாக வரும். நொய்டாவிலோ ஒயிட்ஃபீல்டிலோ அடுக்குமாடியில் வாழும் பெற்றோரிடம் பெரும்பாலும் இருப்பது பாடப்புத்தக ஆங்கிலம். அது தொடுகைக்கு மூன்று பெயரடைகளைத்தான் தருகிறது. பழுத்த வாழைப்பழமும் பூனைக்குட்டியின் முதுகும் வெந்த கடலையும் பஞ்சுத் தலையணையும் ஒன்றுபோல 'சாஃப்ட்' ஆகிவிடுகின்றன. கை நான்கு வேறுபாடுகளை அறிந்த இடத்தில் வாய் ஒன்றைத்தான் பெறுகிறது. புலன்களைக் கூர்மையாக்கப் போவதாகச் சொல்லித் தொடங்கிய விளையாட்டு, புலனறிவை மழுங்கடிக்கும் சொல்லில் முடிகிறது. இந்த அபத்தம் ஆங்கிலத்தோடு நிற்பதும் இல்லை. ஜார்க்கண்டின் முண்டாரி, சந்தாலி பேசும் சிற்றூர்களில் நகரத்து ஆங்கிலத்தின் இடத்தை இந்தி பிடித்துக்கொள்கிறது.

கொள்கை ஆவணங்கள் எதிர்த்திசையில் பேசுகின்றன என்பது உண்மையே. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை வீட்டுமொழியை வலியுறுத்துகிறது. மூன்று முதல் எட்டு வயதுக்கான 2022ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகம் உள்ளூர்ப் பொருள்களைப் பரிந்துரைக்கிறது. பிறப்பு முதல் மூன்று வயது வரைக்குமென 2024இல் வெளியான 'நவசேதனா' 36 மாத நாட்காட்டியையே தருகிறது. காகிதத்தில் குறை காண்பது கடினம். நாட்காட்டியோடு வீடுவீடாகச் செல்ல வேண்டிய அங்கன்வாடிப் பணியாளருக்கு அரசு தருவதோ ஊதியம்கூட இல்லை, மதிப்பூதியம்.

இங்கே ஒரு கூட்டம் மகிழ்ச்சியோடு குறுக்கிடும். 'பார்த்தீர்களா, எல்லாம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான், மேற்கத்தியர் இப்போதுதான் கண்டுபிடிக்கின்றனர்' என்று. அவர்களோடு கைகோப்பதற்கு இதில் இடமில்லை. யாருடைய பாட்டி, யாருடைய முற்றம் என்று கேட்க வேண்டும். மூன்று வயதில் விளையாட்டாகப் பட்டாணி உரித்த சிறுமிக்கு எட்டு வயதில் அதுவே கடமையாகிறது. அவள் அண்ணன் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறான். தொடுகையைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தியாவில் தப்பிக்கவும் முடியாது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இன்னொரு குறிப்புச்சொல் உண்டு: 'ச்சீ'. இந்தியிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் தமிழிலும் அது ஏறத்தாழ ஒரே ஒலியோடு வழங்குகிறது. சேற்றைத் தொட்ட குழந்தைக்கும் அச்சொல்தான், துப்புரவுப் பணியாளரின் கையைப் பிடித்த குழந்தைக்கும் அச்சொல்தான். கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட நூலில், தீண்டாமையைத் தொடுதல் என்னும் அனுபவத்திலிருந்தே ஆராயும் கட்டுரை இருக்கிறது. குழந்தை வளர்ச்சிப் பாடத்தின் வாசிப்புப் பட்டியலில் அது ஏன் சேர்வதில்லை? மண்ணையும் தோலையும் கையாளும் உழைப்பை இழிவென்று கற்பித்த மரபைப் 'புலன்சார் பாரம்பரியம்' என்று கொண்டாடுவது, பெட்டி விற்பவரின் பொய்யைவிடக் கொடியது.

நகரத்தின் ஓரத்தில் இன்னொரு குழந்தை இருக்கிறது. கட்டுமானத் தளத்தில் அதற்கு மணல் குவியலாகவே கிடைக்கிறது; சரளைக்கல், ஈரச்செங்கல், தண்ணீர் எல்லாம் உண்டு. புலன் விளையாட்டுக் காணொளி எதிலும் அவ்வளவு பொருள் இருக்காது. தலையில் சட்டி சுமக்கும் தாயால் அதனருகில் அமர்ந்து 'நறநற' என்று சொல்ல இயலாது, அவ்வளவுதான். 1969இல் தில்லியின் கட்டுமானத் தளம் ஒன்றில் மீரா மகாதேவன் தொடங்கிய 'மொபைல் கிரெச்சஸ்' அக்குழந்தைக்காகவே பிறந்தது. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமோ, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே குழந்தைக் காப்பறையைக் கட்டாயமாக்கியது. நாற்பது பெண்கள் மணல் சுமக்கும் தளத்தின் குழந்தைகள் அக்கணக்கில் வரவில்லை. வீட்டில் பொருள் போதாது என்பவர்கள் ஒருமுறை அந்த மணல் குவியலைப் பார்த்துவரலாம். அங்கே போதாதது பெரியவரின் நேரம், அந்த நேரம் கூலியோடு கட்டுண்டு கிடக்கிறது.

கல்விப்புலத்தின் பங்கு இதில் சிறிதன்று. கான்சஸ் நகரில் 42 குடும்பங்களைக் கவனித்து ஹார்ட்டும் ரிஸ்லியும் 1995இல் முன்வைத்த 'மூன்று கோடிச் சொல் இடைவெளி' இன்றும் இந்தியக் கருத்தரங்குகளில் மறுப்பின்றி மேற்கோளாகிறது. வேறு சமூகங்களில் ஆராய்ந்து அம்முடிவைக் கேள்விக்குட்படுத்திய ஸ்பெரி குழுவினரின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரை அவ்வளவு எளிதாக நினைவுக்கு வருவதில்லை. வீட்டுச் சூழலை அளக்கும் வினாப்படிவங்கள் பொம்மைகளை எண்ணுகின்றன. அவற்றுள் சில, பாத்திரம் பண்டத்தையும் தெருவில் பொறுக்கிய கல்லையும் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு வளர்ந்துள்ளன. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை என்ன சொல் கேட்டது, எந்த மொழியில், யார் வாயிலிருந்து என்று கேட்க அவற்றில் ஒரு வரி சேர்க்கலாம். தாய் அன்று எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்பினார் என்பதற்கும் ஒரு வரி. மொழியியல் துறைகள் முண்டாரிக்கு வந்தது போன்ற தொகுப்பைத் தத்தம் மாநிலத்து மொழிகளுக்கு, குழந்தைகளிடம் பேசப்படும் வழக்கிலிருந்தே திரட்டி, 36 மாத நாட்காட்டியின் ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே எழுதித் தரலாம். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று அலையும் மாணவர்களுக்கு அங்கே பத்தாண்டு வேலை காத்திருக்கிறது.