பெயர் நம்முடையது, பறவை யாருடையது?

பிரம்மபுத்ரா நதி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் திபெத்து என்று விடை பகர்வான். பிரம்மபுத்ராக் கோழி எங்கே உற்பத்தியாயிற்று என்று கேட்டால்தான் பூகோள ஆசிரியனுக்கும் சங்கடம். நேயர்களே, அக்கோழி உருவானது அமெரிக்காவில்!

1840-களில் சீனத்து ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்ற பெருங்கோழிகளே அதன் மூதாதைகள். எனினும் ஷாங்காய்க் கோழியின் கொண்டை ஒற்றையாய் நிமிர்ந்து நிற்பது. பிரம்மாவின் கொண்டையோ மூன்று சிறு வரிசையாகத் தலையோடு படிந்தது. பட்டாணிக் கொண்டை என்பார்கள். வங்கத்துச் சிட்டகாங் கோழியின் இரத்தமும் கலந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுவது இதனாலேயே. ஆகவே பெயரில் நமக்குச் சிறிது பாத்தியதை உண்டு, முழுவதும் இல்லை.

அந்நாளில் அமெரிக்கரைக் கோழிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. பர்ன்ஹாம் என்னும் மஸாசூஸெட்ஸ் வியாபாரி 1852-இல் விக்டோரியா மகாராணியாருக்கே இக்கோழிகளைக் காணிக்கையாக அனுப்பினார். இங்கிலாந்தில் புகழ் பரவிற்று, விலையும் ஏறிற்று. 1855-இல் அதே மனிதர் அந்தப் பைத்தியத்தைப் பரிகசித்து ஒரு புத்தகம் எழுதி விற்றார். கோழியிலும் காசு, பரிகாசத்திலும் காசு! அவருடைய சாமர்த்தியத்தை மெச்சலாம். யோக்கியதையை மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

பறவை மட்டும் யோக்கியமானது. வெண்ணிற உடல், கழுத்தில் வெள்ளை விளிம்பிட்ட கரிய இறகு, கருவால், விரல்வரை இறகு மூடிய கால். சேவல் பன்னிரண்டு ராத்தல் எடை வரும். நெடிய கொண்டை பனியில் கருகிப் புண்படும். பிரம்மாவின் சிறு கொண்டைக்கு அந்த அபாயம் குறைவு. மற்றக் கோழிகள் ஓய்ந்துவிடும் குளிர்காலத்தில் இது பழுப்பு முட்டையிடும். சாதுவான சுபாவம், குழந்தைகள் கையில் எடுத்தாலும் கலவரப்படாது.

பல்லாண்டுகள் அமெரிக்கரின் முக்கியமான இறைச்சிக் கோழியாக விளங்கிய இது, 1930-க்குப் பிறகு செல்வாக்கிழந்தது. மெதுவாக வளர்வதே அதன் குற்றம். சில வாரங்களில் எடை கூடும் கோழியைத் தேடிய தொழிற்சாலைக்கு, மாதக்கணக்கில் தீனி தின்று நிதானமாகப் பருவமடையும் பறவை எதற்கு? அப்புறம் அதைக் காப்பாற்றியவர்கள் கண்காட்சிக்காரரும், கொல்லையில் பத்துக் கோழி வைத்திருந்த குடும்பத்தாருமே.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியது கால். சேற்றில் இறகு நனைந்து உறைந்தால் விரல் கெடும்; கால் செதிலுக்குள் சிற்றுண்ணி புகுந்தால் இறகு அதை மறைத்துவிடும். தரை உலர்ந்திருக்க வேண்டும். கனத்த பறவையாதலால் இராத்தங்கும் கழியையும் தாழ்வாகவே அமைக்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகும்.