பெரிய புளோக்கும் எங்கள் செடெனாக் சாலையும்

செடெனாக்கில் விடியற்காலை நான்கு மணிக்குச் சேவலுக்கு முன்பே மோட்டார்கள் விழித்துக்கொள்கின்றன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் அந்நேரத்தில் கிளம்பினால்தான் நெரிசலுக்கு முன் பாலத்தைத் தாண்ட முடியும். கூலாய், செனாய், ஸ்கூடாய் என்று ஒன்றாம் எண் கூட்டரசு சாலை நெடுகிலும் அவர்களோடு சேர்ந்துகொள்வோர் ஏராளம். போகவர நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. மாதம் இருபத்தைந்து நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். நண்பர்களே, இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் சொல்லப்போகும் வாதம் முழுவதும் இந்த எண்ணில்தான் நிற்கிறது.

'புளோக் ஏத்துவது' என்றால் என்னவென்று தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: கப்சாய் மோட்டாரின் சிலிண்டர் புளோக்கைக் கழற்றிவிட்டு, இன்னும் அகலமான துளையுடைய புளோக்கையும் பிஸ்டனையும் பொருத்துவது. 2006-இல் மலேசியாவுக்கு வந்த யமாஹா எல்.சி. 135-இன் துளை 54 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 58.7 மில்லிமீட்டர், கணக்கிட்டால் 134.4 சிசி. அதே தூரத்தில் துளையை மட்டும் 57 ஆக்கினால் 149.8 சிசி, 62 ஆக்கினால் 177, 65 ஆக்கினால் 195 சிசிக்குச் சற்றுக் குறைவு. கடையில் கேட்டால் '62 போடு தம்பி, வித்தியாசம் தெரியும்' என்பார்கள். தெரியும்தான். அதை நான் மறுக்கவில்லை.

பெரிய புளோக் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் வேறு பொருள். ஷெவர்லே நிறுவனம் 1970-இல் வெளியிட்ட 454 கனஅங்குல எஞ்சின் 7.4 லிட்டர், எட்டு சிலிண்டர். அதில் ஒரேயொரு சிலிண்டருக்குள் ஏறக்குறைய ஏழு எல்.சி. அடங்கிவிடும்! ஆனால், நாம் கவனிக்க வேண்டியது அந்த அளவையன்று. அந்நிறுவனத்தின் சிறிய புளோக்கில் ஒரு துளையின் மையத்திற்கும் அடுத்த துளையின் மையத்திற்கும் இடையே 4.4 அங்குலம், பெரிய புளோக்கில் 4.84 அங்குலம். துளையை அகலமாக்க விரும்பியவர்கள் சுவருக்கும் தண்ணீர் ஓடுவதற்கும் முதலில் இடம் ஒதுக்கினார்கள், பிறகுதான் துளையை அகலமாக்கினார்கள். நம்மூரில் இந்த வரிசைதான் தலைகீழாகிறது.

போன ஆண்டு என் சித்தப்பா மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என்னைவிட மூன்று வயது இளையவன். சிங்கப்பூரில் கிடங்கு வேலை. சேமித்த பணத்தில் எல்.சி.க்கு 62 புளோக் போட்டான். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை; அங்கே செய்ததைப் பல இடங்களிலும் செய்கிறார்கள். மூன்றாம் வாரம், விடியற்காலை, கூலாயைத் தாண்டியதும் எஞ்சின் இறுகிக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அவனுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. லாரி ஓட்டுநர் சாலையோரத்துப் புல்லில் இறக்கியதால் தம்பி இன்று நம்மோடு இருக்கிறான். தோள்பட்டை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடந்தான்.

கழற்றிய பிஸ்டனை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் நீளநீளமாய்க் கோடுகள். தலையில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். இரண்டும் இரண்டு கதை சொன்னன.

குழிகளின் கதை முதலில். எல்.சி.யின் அமுக்க விகிதம் 10.9. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சியிருக்கும் இடம் சுமார் 13.6 சிசி. அந்த இடத்தை மாற்றாமல் 177 சிசி காற்றை அதற்குள் அமுக்கினால் விகிதம் 14-க்கு ஏறிவிடும். பெட்ரோல் நிலையத்தில் நாம் அடிக்கும் ரோன் 95 அதைத் தாங்காது; தீப்பொறியில் பற்றிய தீ வந்துசேரும்வரை காத்திராமல் மிச்சக் கலவை அங்கங்கே தானாக வெடிக்கும். அதைத்தான் 'நோக்கிங்' என்கிறோம். பிஸ்டன் தலையில் குழி விழுவது அதனால்தான். தலை குழிந்த பிஸ்டன் போட்டிருக்க வேண்டும், அல்லது ஹெட்டைக் கடைந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யப்படவில்லை. கார்பரேட்டரின் ஜெட்டும் பழையதுதான். காற்று கூடி எண்ணெய் கூடாவிட்டால் கலவை மெலியும். மெலிந்த கலவை சூட்டை ஏற்றும்.

கோடுகளின் கதை வேறு. எல்.சி.யின் மூலப் புளோக் சிலிக்கான் கலந்த அலுமினியம், பிஸ்டனும் அலுமினியம். இரண்டும் சூட்டில் ஏறக்குறைய ஒன்றாக விரியும். கடையில் வாங்கிய புளோக்கினுள் இருந்ததோ வார்ப்பிரும்பு உறை. 62 மில்லிமீட்டர் அலுமினியம் நூறு பாகை சூடு ஏறினால் 0.14 மில்லிமீட்டர் விரியும். இரும்பு அதில் பாதிகூட விரியாது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியைப் பிஸ்டன் செய்தவர் தாளில் அச்சிட்டே கொடுக்கிறார். மைக்ரோமீட்டரால் அளந்து பொருத்த அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தை யாரும் செலவிடவில்லை.

ஆகவே, 'புளோக் ஏத்தாதே' என்று அறிவுரை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பாரம் ஏற்றும் லாரிகளுக்கு நடுவே எழுபதில் திணறும் மோட்டாரைவிட, தேவைப்படும்போது முன்னேறிச் செல்லும் மோட்டார் பாதுகாப்பானது என்பதைத் தினமும் ஓட்டுபவன் அறிவான். என் சண்டை செய்யும் முறையோடுதான். சாலையில் ஓடும் எஞ்சினை 201 மீட்டர் பந்தய எஞ்சினின் சின்னத் தம்பி என்று நினைக்கிறார்கள். பந்தய எஞ்சின் சில விநாடிகள் உயிரோடிருந்தால் போதும். பிறகு அதைப் பிரித்துப் பார்க்க ஒரு போமன் காத்திருப்பார். நம் எஞ்சின் 30,000 கிலோமீட்டர் ஓடவேண்டும், அதுவும் பாலத்தின் நெரிசலில் காற்றே படாமல் நின்று நின்று.

என் கருத்தில், வேலைக்குப் போகிறவனுக்கு 57 போதும். யமாஹாவே 2015-இல் ஒய்15-ஐ இங்கு இறக்கியபோது அதே 58.7-ஐ வைத்துக்கொண்டு துளையை 57-க்குத்தான் கொண்டுபோனது. அதோடு அமுக்க விகிதத்தை 10.4-க்கு இறக்கியது, கார்பரேட்டரை விட்டு எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறியது. பணமும் பொறியியலாளர்களும் உள்ள நிறுவனம் மூன்று மில்லிமீட்டருக்கு இத்தனை செய்திருக்கிறதென்றால், எட்டு மில்லிமீட்டருக்கு நாம் எவ்வளவு செய்யவேண்டும்?

62-தான் வேண்டும் என்பவன் புளோக்கைக் கடைசியில் வாங்கட்டும். பிஸ்டனின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கனெக்டிங் ராடும் அதன் பேரிங்கும் தாங்கவேண்டிய விசையும் அவ்வளவு கூடும். எனவே, பழைய எஞ்சினில் முதலில் கீழ்ப்பகுதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, பெரிய ரேடியேட்டரும் ஒழுங்காக வேலை செய்யும் எண்ணெய்ப் பம்பும். பிறகு பிரேக். அதன் பிறகே புளோக், கார்பரேட்டர், ஹெட். முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டவேண்டும். 65-க்கெல்லாம் போனால் கிரேங்க் கேஸின் வாயையே கடைய நேரும்; அது சாலைக்கு வீண் ஜம்பம் என்பேன். இன்னொன்று: கையால் பிடிக்கும் கிளட்ச் உள்ள மோட்டாரில் எஞ்சின் இறுகுவதுபோல் தோன்றினால் உடனே கிளட்சைப் பிடியுங்கள், பின்சக்கரம் விடுபடும். தம்பிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சட்டமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் 134 சிசி என்றுள்ள மோட்டாரைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியின்றி 177 ஆக்கி ஓட்டினால் குற்றம். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நம் நாட்டுச் சாலைகளில் மடிவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் சென்றவர்களே என்ற நிலையில் இது சின்ன விஷயமன்று.

இனி நம்மைப் பற்றி. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மேலே போட்ட 14 என்ற கணக்கை முதல் ஆண்டிலேயே படித்துத் தேர்வில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். தம்பி புளோக் வாங்கிய வாரம் நான் வீட்டில்தான் இருந்தேன். எக்ஸோஸ் சத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நம் மன்றத்தில் கலைச்சொற்களைப் பற்றிப் பலமுறை விவாதித்திருக்கிறோம். பிஸ்டனை உந்துதண்டு என்பதா, ஆடுதண்டு என்பதா என்று ஒரு மாலைப் பொழுதே போனது. பிஸ்டன் என்றால் என்னவென்று தோட்டத்துப் பையனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்; பெயரை அவனே வைத்துக்கொள்ளட்டும். அவனிடம் இல்லாதது அந்தக் கணக்கு. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அவன் பேசும் தமிழில் யாரும் எழுதித் தரவில்லை. மன்றத்தில் நாற்பது பொறியியல் மாணவர்கள் இருந்தும் இந்த ஆண்டுமலரில் இதுவரை ஒரு பக்கம்கூட அதற்காக வரவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பியின் எல்.சி. இப்போது மூலப் புளோக்கில்தான் ஓடுகிறது. ஆனாலும் ஆசை விடவில்லை. போன விடுமுறையில் 57 பிஸ்டன் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "அண்ணே, இது எத்தனை வரும், கணக்குப் போடு" என்றான். ஹெட்டின் குழியில் எத்தனை சிசி எண்ணெய் கொள்ளும் என்று அளந்தால்தான் சொல்ல முடியும் என்றேன். மருந்துக்கடைக்குப் போய் ஊசி இல்லாத பத்து மில்லிலிட்டர் பீச்சுக்குழாய் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.