குனிந்தால் காய்ச்சலா?

வளையும் ஒளி வெப்ப உணரியில் மின்சாரம் ஓடாது, மின்காந்த இரைச்சல் அதைக் குழப்பாது. ஆகவே கிளிநொச்சி வயல்களில் வெயில் தாக்கத்தை முன்கூட்டியே அறிய அதுவே தகுந்தது என்பது ஒரு வாதம். முதற்பாதி சரி. முடிவில்தான் ஓட்டை.

இவ்வகை உணரிகளில் ஒன்றான, பிராக் கீற்றணி பொறித்த கண்ணாடி இழையில், 1550 நானோமீற்றர் அளவில் தெறிக்கும் ஒளியின் அலைநீளம் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீற்றர் நகரும். இழை தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 8 பங்கு இழுபட்டாலும் ஏறக்குறைய அதே நகர்வுதான். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக வயலில் களை பிடுங்கக் குனிபவரின் முதுகுத்தோலோ அதைவிட எத்தனையோ மடங்கு இழுபடும். குனிந்ததைக் கருவி காய்ச்சல் என்றே சொல்லும். இழுவை எட்டாத நுண்குழாய்க்குள் இழையைத் தளர்வாக விட்டால் இது பெரும்பாலும் தீரும். எர்பியம் கலந்த படலத்தில் இரு பச்சை ஒளிர்வுகளின் விகிதத்தை அளப்பது இன்னொரு வழி. படலம் வளைந்து ஒளி மங்கினாலும் விகிதம் அவ்வளவு மாறாது.

தீராதது வேறு. அளக்கப்படுவது தோல் மட்டுமே. சோளகக் காற்றில் வியர்வை உலர உலரத் தோல் குளிரும். உள்ளுடலோ 39 பாகையை நோக்கி ஏறிக்கொண்டிருக்கலாம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துள் கிடக்கும் நோயாளிக்கு உலோகமில்லா இழை அருமையான துணை. வயலுக்கு மலிவான தெர்மிஸ்டரும் நாடித்துடிப்பும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தே கூடுதலாகச் சொல்லும்.