பெயர் தெரியாத கள்ளி

மண்பாண்டத்துக்குப் பேர்போன த்வாண்டேயில் தொட்டிக்குப் பஞ்சமில்லை; தொட்டியிலுள்ள செடிக்குத்தான் பெயர் தெரியாது. வாடிய சதைப்பற்றுச் செடியொன்று கிடைத்தால் அன்பர்கள் எறிந்துவிட வேண்டாம். ஓர் இலையைக் கிள்ளுக. வெண்பால் வடிந்தால் கள்ளியினம். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாலின்றி, இலையோரம் வளைவு வளைவாக இருந்தால் அநேகமாக ரணகள்ளி. மடகாஸ்கரிலிருந்து பரவிய செடி. இதன் பர்மியப் பெயருக்கு ‘இலை விழ, செடி முளைக்கும்’ என்றே பொருள்.

மழைநீர் தேங்கி அடித்தண்டு அழுகிவிட்டதா? கெடாத இலையொன்றை ஈரமணல்மேல் கிடத்தினால் போதும், ஓரப் பள்ளங்களில் குட்டிகள் எழும். புதுத் தொட்டியின் அடியில் துளை அவசியம்.

சிறுநீரகக் கல்லுக்கென்று இவ்விலையை மெல்வோர் உண்டு. இதில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது. டிஜாக்ஸின் மாத்திரை சாப்பிடுவோர் வாயில் வைக்கவே கூடாது.