அந்த எண்பது ரூபாய்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி போகிற சாலை. காரிலிருந்து இறங்கிய ஒருவர், ஓரமாக மூங்கில் கூடை வைத்திருந்த பெண்மணியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ‘‘காட்டுல சும்மா வெட்டிட்டு வர்றதுதானேம்மா? இதுக்குப் போயி இருநூறா?’’ நூற்றிருபதில் முடிந்தது. ஜெயித்த முகத்தோடு கார் கிளம்பியது. நானும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அதுவும் குற்றம்தான்.

அந்தப் பெண்மணிக்குப் பின்னால் புதர்புதராக உண்ணிச்செடி. மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்குமே, அதேதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19-ம் நூற்றாண்டில் தோட்டத்து அழகுக்கென்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. வேலி தாண்டி, ஜவ்வாது மலை, நீலகிரி என்று காட்டையே வளைத்துப் போட்டுவிட்டது. மாடு தின்றால் விஷம். அடியில் புல்லும் முளைக்காது.

இந்தச் சனியனை வைத்துத்தான் கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் யானை செய்தார்கள். பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர். இரும்புக் கம்பியில் உருவம் கட்டி, உண்ணித் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்துப் பின்னி, நிஜ யானை உயரத்துக்கு! ஒவ்வொன்றும் அவர்கள் ஊர்ப் பக்கம் நடமாடுகிற, அவர்களுக்கு முகம் தெரிந்த யானை. 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் அமெரிக்காவுக்குப் போன நூறு யானைகளை நியூயார்க்வாசிகள் தொட்டுத் தடவிப் பார்த்தார்கள்.

‘‘அது கலை சார். கூடையும் அதுவும் ஒண்ணா?’’ என்கிறீர்களா? எந்தத் தண்டு வளையும், எது முறியும் என்று அறிந்த விரல்கள்தானே இரண்டையும் செய்தன? லண்டனில் நின்றால் கலை, கணியம்பாடியில் விற்றால் ‘சும்மா வெட்டிட்டு வந்தது’. என்ன நியாயம் இது?

நகரத்து கேலரியில் ஒருவர் துருப்பிடித்த கம்பியையும் காய்ந்த கொடியையும் பலகையில் ஒட்டி ‘மிக்ஸட் மீடியா’ என்று எழுதி வைக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புரிந்த மாதிரி தலையாட்டுகிறோம். ‘‘கம்பி காயலான் கடையில கிலோ என்ன விலை தெரியுமா?’’ என்று அவரிடம் கேட்போமா? மாட்டோம். அவர் ஆர்ட்டிஸ்ட். இந்தப் பெண்மணி வெறும் ‘கூடைக்காரம்மா’. பேர்கூட நாம் கேட்பதில்லை.

ஜவ்வாது மலையில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. உண்ணிச்செடிக்கும் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நம் மனசில்தான்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பேர் கேளுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். எண்பது ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்று வீட்டில் பெருமையடிக்குமுன் ஒன்று யோசியுங்கள்: அது யாருடைய கூலி?