“ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்பவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். 12 வருட டீசல் வண்டி. டிரெயின் நட்டைக் கழற்றிய பையன், தட்டில் கறுப்பு எண்ணெயோடு விழுந்த ஒரு துண்டைத் துடைத்து என்னிடம் காட்டினான். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். பெரிய மெக்கானிக் எட்டிப் பார்த்தார். “அது ஒண்ணுமில்ல சார், பழைய வண்டின்னா இப்படித்தான். புது ஆயில் ஊத்தியாச்சு, ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்று சொல்லித் துண்டைக் குப்பை டின்னில் போட்டார். காட்டிய பையனுக்கும் ஒரு திட்டு விழுந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. டின்னில் கையை விட்டுத் துண்டை எடுத்துப் பேப்பரில் மடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து குடும்பக் குழுவில் படம் போட்டேன். “விடுங்க மாமா” என்றார்கள் பலர். “இன்ஜினை மொத்தமா பிரிச்சு மேஞ்சிடுங்க பெரியப்பா” என்றான் ஒருவன். இன்னொரு பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒருவன் மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தான். வந்ததும் முதல் கேள்வி: “இத வச்சுக்கிட்டு ஏன் சார் வண்டிய வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தீங்க?” அந்தத் திட்டை வாங்கிக்கொண்டேன். நியாயமான திட்டு.

அடுத்து அவன் கேட்டது காந்தம். நாலாம் வகுப்பில் கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதே பாடம்தான் இங்கேயும். ஒட்டினால் இரும்பு: ரிங், பல்சக்கரம், செயின் என்று தேட வேண்டும். ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம்: பிஸ்டன் பக்கம் சந்தேகம். செம்பு நிறத் தகடு என்றால் கிராங்க் பேரிங். ரப்பர் மாதிரி வளைந்தால், முன்பு யாரோ சம்ப்பில் அள்ளிப் பூசிய கேஸ்கெட் பேஸ்டாக இருக்கலாம். என் துண்டு ஒட்டவில்லை. கறுப்பு பிளாஸ்டிக். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து நீளக் கோடு விழுந்திருந்தது. “சார், இது டைமிங் செயின் உரசிக்கிட்டு ஓடுற கைடு. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம் வருமே?” என்றான். ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

சம்ப்பைக் கழற்றினோம். ஆயில் பம்பு உறிஞ்சும் வலையில் மீதித் துண்டுகள் சிக்கிக் கிடந்தன. பழைய கைடையும் வெளியே எடுத்து, துண்டுகளை அதன்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தான். எல்லாம் சேர்ந்துவிட்டது, உள்ளே எதுவும் பாக்கியில்லை என்று உறுதியான பிறகுதான் புது கைடு, புது செயின் போட்டு மூடினான். இன்ஜினை மொத்தமாகப் பிரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சும்மா விட்டிருந்தால்? தளர்ந்த செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். வலை அடைத்தால் எண்ணெய் மேலே ஏறாது, பேரிங் கருகும். மறுநாள் பேத்திகளை அழைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போவதாக இருந்தேன். பாம்பன் பாலத்தின் நடுவில், பின்னால் பஸ் வரும்போது வண்டி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“சின்னத் துண்டுதானே” என்பவர்களுக்கு ஒரு நிஜ நிகழ்ச்சி. ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து கடலில் உள்ள எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர். 2009 மார்ச் 25 அன்று அதன் கியர்பாக்ஸில், எண்ணெயில் வரும் துகளைப் பிடிக்க வைத்திருந்த காந்தத்தில், ஓர் உலோகத் துகள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு பல்சக்கரம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது என்று அப்போது கண்டுகொள்ளப்படவில்லை. அதன்பின் 36 மணி நேரம் பறந்தது. ஏப்ரல் 1 அன்று அந்தப் பல்சக்கரம் உடைந்து, ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. இருந்த 16 பேரும் இறந்தார்கள். பிரிட்டிஷ் விபத்து விசாரணை அறிக்கையே இதைச் சொல்கிறது. கார் ஹெலிகாப்டர் இல்லைதான். ஆனால் துகள் சொன்ன செய்தி இரண்டிலும் ஒன்றே.

நம் ஊரிலேயே பார்த்தோமே. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் கோளாறு தெரிந்ததும், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. மூட்டை முடிச்சோடு பஸ் ஏறியபோது நாம் எல்லோரும் முணுமுணுத்தோம், நான் உள்பட. “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்று ரயிலை விட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்போமா?

ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காந்தத்தில் சாம்பல் மாதிரி மெல்லிய பொடி ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம், பதற வேண்டாம். ஆனால் கையில் எடுக்கிற மாதிரி துண்டு வந்தால், அது எந்தப் பாகம் என்று பெயர் சொல்லாமல் வண்டியைத் திருப்பித் தரக் கூடாது. “பெயர் தெரியாது, ஆனா ஒண்ணுமில்ல” என்பது விடை தெரியாமல் வினாத்தாளைத் தின்றுவிடுவது மாதிரி. பெயர் சொல்லாமலே மொத்த இன்ஜினையும் பிரிக்கச் சொல்வதும் அதே தப்புதான்.

இப்போது அந்த இன்னொரு பதில். “யார்கிட்டயும் சொல்லாம வித்துடுங்க சித்தப்பா.” எழுதியவன் என்னிடமே படித்தவன், என் ரத்தம். தம்பி, அந்த வண்டியை வாங்குகிறவனுக்கும் பேத்தி இருப்பாள். அவளும் அந்தப் பாலத்தில்தான் போவாள். உனக்கு நான் அப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்களே, துண்டைக் காட்டிய அந்தப் பையனைப் போல இருங்கள். உங்களிடம் ஒரு பையன் அப்படிக் காட்டினால் அவனைத் திட்டாதீர்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்களே, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள்.

என் துண்டு இப்போது மேசையில், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்